வைகாசி 29 இல்லாத மண்டபம்

மகளின் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னமும் காலண்டரில் தாளைக் கிழிக்கும் முன் தேதியை இரண்டு முறை பார்க்கிறேன்.

வைகாசி 29-இல் முகூர்த்தம். தென்காசியில் ஒரு மண்டபத்துக்குத் தை மாதமே முன்பணம் கட்டி ரசீது வாங்கியாயிற்று. பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது. சித்திரைக் கடைசியில், சமையல்காரருக்கு எப்போது சாவி கிடைக்கும் என்று கேட்கப் போனேன். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்து, நோட்டில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றியிருந்தார்கள். மேனேஜர் தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க கல்யாணம் ஆனி ஒண்ணுல்லா?" என்றார்.

ரசீதை நீட்டினேன்.

"இது கை எழுதுனது. முதலாளி மிஷினைத்தான் நம்புதாரு. வைகாசி இருபத்தொம்பது காலியாக் கெடக்குன்னு குத்தாலத்துக்காரங்க கேட்டிருக்காங்க. நாளைக்குக் காலைல பணம் கட்ட வாராங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மகள் மெட்ராஸில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலையில் இருப்பவள். கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும், காலையில் தானும் வருவதாகச் சொன்னாள்.

"ஏட்டி, நீ வேண்டாம். கல்யாணப் பொண்ணு மண்டபத்துல வந்து சண்டை போடுதான்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாக?"

"மண்டபமே இல்லைன்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாகம்மா?"

காலையில் நாங்கள் போனபோது குற்றாலத்திலிருந்து வந்த தம்பதி பெஞ்சில் இருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் வெற்றிலைத் தட்டு. மகள் சண்டையே போடவில்லை. "அண்ணாச்சி, வைகாசி முப்பதுன்னு அடிங்க, பாப்போம்" என்றாள்.

அவர் அடித்தார். திரையில் ஆனி 2 என்று வந்தது.

"தப்பா அடிச்சிட்டேன் போல" என்று மறுபடி அடித்தார். மறுபடியும் ஆனி 2. முப்பத்தொன்றை அடித்தால் ஆனி 3.

மகள் சிரித்துவிட்டாள். விஷயம் இதுதான். புரோகிராம் எழுதியவர் சித்திரையை ஒன்றாம் மாதம், வைகாசியை இரண்டாம் மாதம் என்று எண் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் மொழிக்கு இரண்டாம் மாதம் என்றால் பிப்ரவரி, இருபத்தெட்டே நாள். "இல்லாத தேதியைக் கொடுத்தா இல்லைன்னு சொல்லாது, அண்ணாச்சி. மிச்ச நாளை எண்ணி அடுத்த மாசத்துல கொண்டுபோய் வச்சிரும்."

பிப்ரவரி 30 என்று எழுதுகிற பிள்ளையின் நோட்டில் நான் சிவப்பு மையில் சுழி போடுவேன். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய யந்திரம் போடவில்லை. அதைவிட, இரண்டு தேதியை அடிக்க வைத்தே இவள் அதைக் கண்டுபிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். இவளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

"பழைய நோட்டு எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

அலமாரி மேலிருந்து தூசியோடு வந்தது. எங்கள் பெயர் வைகாசி 29-இல் இருந்தது. நான் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டேன். அவளோ பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முப்பதில் அச்சன்புதூர்க் கல்யாணம் ஒன்று. முப்பத்தொன்றில் வாசுதேவநல்லூர்க்காரர்கள். "இவங்களுக்கெல்லாம் இன்னும் தெரியாதும்மா" என்றாள். நம் காரியம் முடிந்ததே, கிளம்பலாம் என்று நினைத்திருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

மேனேஜர் வேர்த்து வடிந்தார். "புரோகிராம் எழுதுன அந்தப் பயலை உண்டு இல்லைன்னு ஆக்குதேன்."

"விடுங்க. நான் எழுதியிருந்தாலும் மாச முதல்ல நாலு தேதியை மட்டும் அடிச்சுப் பாத்துட்டுப் போயிருப்பேன்" என்றாள் மகள்.

குற்றாலத்து அம்மாள் தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மகளும் பார்த்தாள் போல.

"அத்தை, இருங்க. ஆனி ஒண்ணு, ரெண்டு, மூணுல ஆள் இருக்குன்னு மிஷின் சொல்லுது. அது எல்லாம் வைகாசி ஆளுங்க. நோட்டுல மூணு நாளும் காலிதான்."

அவர் கணவர் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். ஆனி 2 நல்ல முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்க வேண்டும், ஆனாலும் இப்போதே எழுதிவிடுங்கள் என்றார்.

மேனேஜர் பேனாவை எடுத்து நோட்டில் எழுதி, ரசீதும் எழுதிக் கொடுத்தார். அதை அந்த அம்மாள் வாங்கி, படிக்காமல் என் மகளிடம் நீட்டினார்.

"நீ ஒரு தடவை பாத்திரு தாயி."