பிரம்பை எரித்த பள்ளிக்கூடம்

பிரம்பை எரித்தது நான்தான். மதியச் சோறு வேகிற அடுப்பில், இருபத்தாறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாக ஒடித்துப் போட்டேன். அன்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறி, சின்னாளப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, ஒன்றரை மைல் நடந்து, காந்தி வழியில் கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தரும் ஒரு கிராமத்து ஆதாரப் பள்ளிக்குப் போய்வந்த காலம் அது. பள்ளிகளில் மதிய உணவு வந்த புதிது. பயிற்சிக் காலத்தில் எனக்கு மூன்று விஷயங்களை ஊட்டியிருந்தார்கள். பிள்ளைகளை அடிக்காதே. தங்களைத் தாங்களே ஆள விடு. எல்லாவற்றுக்கும் மேலே உண்மை.

மாணவர் மந்திரிசபை பல பள்ளிகளில் இருந்தது. நீதிமன்றம் மட்டும் என் சொந்தச் சரக்கு. ஐந்து பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். தப்பை ஒப்புக்கொண்டால் ஒரு சின்ன வேலையோடு மன்னிப்பு. பொய்தான் பெருங்குற்றம். தீர்ப்பில் டீச்சர் தலையிடக் கூடாது. இதையெல்லாம் நானே சுவரில் பெரிய எழுத்தில் எழுதினேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் நடந்தது. கூட்டாமல் டிமிக்கி கொடுத்தவன் இரண்டு நாள் கூட்டினான், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பில் ஒரு நெசவாளர் மகள் இருந்தாள். தக்ளிக் கதிரைச் சுழற்றி அவளைப் போல மெல்லிசாக நூல் நூற்க யாராலும் முடியாது. வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் வேண்டும் என்று அவளை ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார்கள். நான் மூன்று முறை நடந்து போய்ப் பேசி அழைத்துவந்தேன். அவள் அப்பா கடைசியில் சொன்னது இது: "அனுப்புறேன் டீச்சர். ஆனா ஒரு நா புள்ள மொகஞ் சுண்டி வந்துச்சுன்னு வைங்க, அன்னைக்கே நிப்பாட்டிருவேன்."

ஒரு நாள் காலையில் குடிதண்ணீர்ப் பானை உடைந்து கிடந்தது. அன்று தண்ணீர் முறை அந்தப் பெண்ணுக்கு. அவள்தான் முதலில் வந்திருந்தாள். மன்றம் கூடியது. தலைமை நீதிபதி எட்டாம் வகுப்புப் பையன், ஊர் நாட்டாண்மையின் மகன். அவன் சத்தம் போடவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப, அதே குரலில் கேட்டான். "நான் ஒடைக்கல," என்று அவளும் அதையே திரும்பச் சொன்னாள். பிள்ளைகள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் அவன் எழுந்து தீர்ப்புச் சொன்னான்.

"ஒப்புக்கிருச்சுன்னா ஒரு வாரம் தண்ணி எடுக்கணும், அம்புட்டுத்தேன். ஒப்புக்கிடாததால தள்ளி வைக்கிறோம். யாரும் அதுகூடப் பேசக் கூடாது. பந்தியில பக்கத்துல உக்காரக் கூடாது. அது தொட்ட தக்ளியத் தொடக் கூடாது."

இப்படியொரு தண்டனையை நான் சொல்லித்தரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஊரை மீறி போலீசுக்குப் போன ஒரு குடும்பத்தைச் சித்திரையில் இதே வார்த்தைகளில் ஊர்க்கூட்டம் தள்ளி வைத்திருந்தது. அடுப்புக்கு நெருப்புகூட யாரும் கொடுக்கவில்லையாம். நான் பிரம்பைப் பிடுங்கிக்கொண்டேன், பிள்ளைகள் வீட்டிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பயிற்சியும் கொள்கையும் தடுத்தன என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். அடுத்த புதன்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் என் நீதிமன்றத்தைப் பார்க்க வருவதாக இருந்தார். நானே மன்றத்தைக் கலைத்தால் அவருக்கு எதைக் காட்டுவேன்?

பள்ளிக்கூடம் அமைதியாகிக்கொண்டே வந்தது. முதலில் அவளிடம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, தப்பித்தவறி அவளிடம் பேசிவிடுவோமோ என்று ஒருவரோடொருவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். அவள் தட்டோடு வேப்பமரத்துக்குப் போய்விடுவாள். வீட்டில் சொல்லியிருந்தால் அப்பா நிறுத்தியிருப்பார். சொல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு தினமும் வந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். "பிரம்பே இல்லாம இவ்வளவு ஒழுங்கா?" என்று அசந்துபோனார். மரத்தடியில் தனியாக நூற்றுக்கொண்டிருந்தவளைக் காட்டி, அந்தப் பெண் ஏன் அங்கே என்று கேட்டார்.

"அதுக்குத் தனியா நூக்கத்தேன் பிடிக்கும்ங்கய்யா," என்றான் தலைமை நீதிபதி. கண்கூட இமைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது. பார்வையாளர் புத்தகத்தில் ஒரு பக்கம் பாராட்டி எழுதிவிட்டு அவர் ஜீப் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் பையனைக் கூப்பிட்டேன். "போதும், நாளையிலேர்ந்து எல்லாரும் அவகூடப் பேசணும்" என்றேன்.

"தீர்ப்புல நீங்க தலையிடக் கூடாதுன்னு செவுத்துல எழுதிருக்கீகளே டீச்சர்," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "நீங்க பேசுனீகன்னா உங்களையும் விசாரிக்க வேண்டி வரும்." அவனுக்குப் பின்னால் மற்ற நான்கு பேரும் நின்றார்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பயந்தேன்.

மறுநாள் காலை சமையல்காரம்மா என் பின்னாலேயே வந்தார். "டீச்சர், அந்தப் பானைய ஒடச்சது நாந்தேன். முந்துன நா சாயங்காலம் வெறகு எறக்கும்போது பட்டுருச்சு. வேல போயிருமோன்னு சொல்லல. அந்தப் புள்ள மரத்தடியில திங்கிறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல." அடியில்லாத, பயமில்லாத பள்ளி என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். அந்த அம்மாவின் பயம் ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

வேப்பமரத்தடிக்கு ஓடினேன். மன்றம் ஏற்கெனவே கூடியிருந்தது. நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தேன் ஒடச்சேன்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். "பயந்துபோயி சொல்லல."

பிள்ளைகள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். இன்னொருத்தி தன் பஞ்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். ஒரு வாரமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

நான் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன். "நீ உடைக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. யார்னும் தெரியும். இப்பவே எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீக டீச்சர். ஒடச்சேன்னு பொய் சொன்னதுக்கு மறுபடித் தள்ளி வச்சிருவாக. இப்பத்தேன் பேசுறாக."

சுவரில் என் எழுத்து இருந்தது. பொய்தான் பெருங்குற்றம். அவள் கணக்கில் பிழையே இல்லை. வகுப்புக்குள் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் தலைமை நீதிபதி மன்றத்து நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். அழகான கையெழுத்து அவனுக்கு. "உண்மையை ஒப்புக்கொண்டபடியால் மன்னிக்கப்பட்டாள்" என்று எழுதி, கீழே எனக்கு இடம் விட்டிருந்தான். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.