புளி போட்டு விளக்கிய கல்

பூரணிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்து முட்டி போன பிறகு, இலங்கையில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவளைத் தோட்டத்து நிர்வாகியான துரையின் பங்களாவுக்குக் கூட்டிப் பெருக்க அனுப்பியிருந்தார்கள். அந்த வேலை போனால் மறுபடியும் கூடையோடு மலையேற வேண்டும். இந்தக் காலோடு அது ஆகாது. அதனால் கையை அடக்கியே வைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், கொழும்புக்கு வந்த ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் துரைக்கு விருந்தாளியாக வந்தார். கொண்டுவந்த பெட்டி நிறையக் கல். விறாந்தையில் பரப்பி உலர வைத்தார்.

"என்னா தம்பி, இப்புடி மீன் நாத்தம் நாறுது?" என்றாள் சமையல்காரன் செல்லசாமியிடம்.

"கடலுக்கு அடியில ஒரு மலை இருக்காம்க்கா. நெருப்பக் கக்கிக் கக்கியே வளந்ததாம். பக்கத்துல ஒரு தீவும் அப்புடித்தானாம். ரெண்டும் ஒரே சட்டியில வெந்ததா, வேற வேற சட்டியான்னு கல்லுல கலந்திருக்கிறத வச்சுக் கண்டுபிடிப்பாராம்."

"கடலுக்குள்ளயும் மலையா? அங்கயும் தேயிலையப் போட்டு நம்மளக் கூப்பிடாம இருந்தாச் சரி."

சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் தேநீருக்கு வருவதாக ஏற்பாடு. "விறாந்தையில ஒரு அழுக்கு இருக்கக் கூடாது" என்று துரை தன் அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். பூரணி தரையைத் துடைத்தாள், நாற்காலிகளைத் துடைத்தாள். பிறகு கற்களை எடுத்துப் பித்தளை விளக்குவதைப் போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தாள்.

விருந்தாளிகளோடு விறாந்தைக்கு வந்த துரைக்குக் கற்களைக் கண்டதும் முகம் இரத்தமாய்ச் சிவந்துவிட்டது. "மாடு! நாளைக்கு மலைக்குப் போ!"

கப்பல்காரர் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். தேநீர்த் தட்டோடு நின்ற, இங்கிலீசு புரிந்த செல்லசாமி கிசுகிசுத்தான்: "ஒண்ணும் கெடலையாம்க்கா. கடத்தண்ணி ஊறின மேத்தோலு பொய் சொல்லுமாம். அத எப்புடியும் அறுத்து எறிஞ்சிருவாராம். உள்ள இருக்கிறதுதான் வேணுமாம்."

பூரணி துரையைப் பார்த்தாள். அவர் காதிலும் அது விழுந்திருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லாயிற்றே.

"மலைக்குப் போ" என்றார் மறுபடியும்.

இருந்ததிலேயே பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் படிக்கட்டில் ஓங்கிப் போட்டாள் பூரணி. கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே புளியும் படாமல், சாம்பலும் படாமல், கடலும் தொடாமல் கன்னங்கரேலென்று இருந்தது.

"பாருங்க தொரை! உள்ள நான் எங்க கைய வச்சேன்? என் முட்டியையும் ஒடச்சுக் காட்டவா?"

கப்பல்காரர் மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. விளக்குமாற்றைப் படியில் வீசிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுவாரம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கூடையை மாட்டினாள். ஏறும்போது காலடிக்குக் காலடி முட்டி விண்ணென்று வலித்தது. கீழே பங்களாவில் மிச்சக் கற்களை உடைக்கும் சுத்தியல் சத்தம் மலைவரை கேட்டது.

"கையக் குடு, அக்கா" என்றாள் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறிக்கும் மீனம்மா.

"விடுடி!" என்றாள் பூரணி. "ஒருத்தி கையும் வேணாம்."