ஜீப் இல்லாத பாடப்புத்தகம்

கம்ப்யூட்டர் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக என் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. கடைக்காரர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள், "மெமரியைப் பின்னால் கூட்டிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டுவிடுவேன். "இந்த விலைக்கு அதெல்லாம் வராதும்மா. உள்ளேயே பற்றவைத்திருக்கும்" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பணம் உள்ளவன் முதல் நாளே வேண்டியதை எல்லாம் போட்டு வாங்கிவிடுவான். பிறகு பார்த்துச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருப்பது இல்லாதவனுக்குத்தான். அவனுக்கு விற்கும் பெட்டியில் போய் அந்த இடத்தை அடைத்து வைத்தால் என்ன நியாயம்? கடைக்காரர் என் மகளைப் பார்ப்பார். மகள் மின்விசிறியைப் பார்ப்பாள்.

இந்தக் கோபம் கடையில் பிறந்ததல்ல. எண்பதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் பிறந்தது.

அப்போது நான் புதூர்நாட்டுப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. சொந்த ஊர் கண்ணமங்கலம். என்னோடு இன்னொரு ஆசிரியை இருந்தாள். நெல்லிவாசல்நாட்டில் பிறந்து, மலையிறங்கிப் படித்துவிட்டு, மறுபடி மலைக்கே டீச்சராக வந்தவள். என்னைவிடச் சின்னவள். ஆனால் பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. எங்களுக்குள் எப்போதும் "டீச்சர்", "வாங்க", "போங்க"தான். சண்டையில்கூட மரியாதை குறையாது.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடம் ரயில். வாத்தியார் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார். ரயிலைக் கண்ணால் பார்த்திராத அண்ணன், "மரவட்டை" என்று சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் சுவரெல்லாம் அதுதானே ஊர்கிறது! வகுப்பே சிரித்தது, வாத்தியார் முதுகில் ஒன்று வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு ஓடிய அண்ணன் அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

அந்த அண்ணனின் மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். சேர்க்கச் சொல்லி இவள் கேட்கும்போதெல்லாம் அவர் ஒரே கேள்விதான் கேட்பாராம்.

"அந்த ரயிலு இன்னும் அந்தப் புத்தகத்துல கீதா?"

இருந்தது. அதனால் இவளே ஒரு புத்தகம் எழுதினாள். பலா, சாமைக்கொல்லை, புளி உலுக்குவது, சந்தைக்குப் போகிற ஜீப், காட்டுக்குள் தேன் எடுப்பது. மலைப்பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. அடிவாரத்துக் கல்வி அதிகாரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பள்ளி திறப்பதற்குள் தெளிவாக அச்சிட்டுக் கொடுத்தால் ஒன்றாம் வகுப்புக்கு வைத்துப் பார்க்கலாம், கையெழுத்துப் பிரதியெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டார். திருப்பத்தூர் அச்சகத்திலோ, இவ்வளவு கொஞ்சப் பிரதிக்கு யார் எழுத்துக் கோத்துக்கொண்டிருப்பது என்று கையை விரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தார். தலைமையாசிரியர் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றார். வேலூரில் ஒரு விடுமுறை முழுக்க நான் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். தட்டத் தெரியும். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது கிடையாது.

வாணியம்பாடி பாய் ஒருவரிடம் சொல்லிவிட்டோம். பள்ளியின் தட்டச்சு இயந்திரத்தைப் பழுது பார்க்க வருகிறவர். அப்போது கம்ப்யூட்டரும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். இருப்பதிலேயே விலை குறைந்ததாக ஒன்றைப் பூட்டி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் வைத்து, ஜீப்பில் கொண்டுவந்தார். வந்ததும் மூடியைக் கழற்றினார். மலைப்பாதைக் குலுக்கலில் உள்ளே இருக்கும் சில்லுகள் குழியிலிருந்து மேலே எழும்பிவிடும், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும் என்றார்.

அவர் அழுத்துவதை எட்டிப் பார்த்த என் தோழி, "இன்னா பாய் இது?" என்றாள். பலகையில் ஒரு பக்கம் கறுப்புச் சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதையடுத்து அதே அளவில் வெறும் குழிகள்.

"அது மெமரிக்கு டீச்சர். காலியா வுட்டிருக்குது. பின்னால வேணும்னா ரொப்பிக்கலாம்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். மலையில் சாமை அளந்தால் படியில் கூம்பாக நிற்க வேண்டும், நாலு மணி கீழே சிந்த வேண்டும். தலைதட்டி அளப்பதே அங்கே அவமரியாதை. அடிவாரத்திலிருந்து வரும் வியாபாரிகள் படிக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள். பாயின் கட்டைவிரல் வேறு அந்த நேரம் பெட்டிக்குள் இருந்தது.

"பாதிதான் ரொப்பிக் குடுப்பீங்களா? மலைக்காரங்கன்னா கொறையளவா?"

"அரே, கொறை இல்ல டீச்சர். இது உங்களுக்கு நல்லதுதான். எடம் கீது இல்ல..."

"எடத்த வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? இப்பவே ரொப்புங்க."

இப்போதே நிரப்பினால் விலை ஏறும் என்றார் பாய். சொல்லியிருக்கக் கூடாது. படிக்குள் விரல் விட்டவர்களும் காலங்காலமாக அதைத்தானே சொன்னார்கள். பாய் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? அவள் பேசுவது நியாயமாகத்தான் பட்டது. ஒரு குழிகூடக் காலியாக இல்லாத பெட்டிதான் வேண்டும் என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். பாய் மூடியை மாட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் வேறொன்று வந்தது. இதில் சில்லுகளைப் பலகையோடு பற்றவைத்திருந்தார்கள். குழியே கிடையாது, பார்க்க நிறைவாக இருந்தது. "இதுலயும் மெமரி அதே அளவுதான். ஆனா பின்னால ஒண்ணும் பண்ண முடியாது, பார்த்துக்குங்க" என்று பாய் இரண்டு தடவை சொன்னார். அவள் கேட்டும் கேட்காத மாதிரி துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் அவளைக் காரியக்காரி என்றார். அந்தப் பெட்டிக்கும் ஒரு நல்லது உண்டு, மறைக்கக் கூடாது. எத்தனை குலுக்கினாலும் அதில் எதுவும் எழும்பவில்லை, யாரும் விரலால் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகு தமிழ் எழுத்துகள் அடங்கிய பிளாப்பி வந்தது. எழுத்துகள் ஏறின. அவள் பாடத்தை ஏற்றப் போனால், மெமரி போதாது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

"இன்னா சொல்லுது டீச்சர்?"

"ஞாபகம் பத்தலையாம்."

"இதுக்கா? நேத்து வந்த பொருளுக்கா?"

சிரித்தோம். மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும் அதே. தமிழ் எழுத்துகளே முக்கால் இடத்தை எடுத்துக்கொண்டன. பாடம் உட்கார இடமில்லை. பாய்க்குச் சொல்லியனுப்பினோம். குழி இல்லை என்று தெரிந்தும், எங்காவது ஒரு வழி கிடைக்காதா என்று அவர் ஒரு தகர டப்பாவில் பஞ்சு வைத்து, சில்லுகளோடு மலையேறி வந்தார். மூடியைக் கழற்றினார். டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வெக்கிறது டீச்சர்?"

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே ஓர் இடம் தேடினார். முதலில் கொண்டுவந்த பெட்டியை ஒரு தோல் மண்டிக்கு விற்றுவிட்டதாகவும், அவர்கள் அதன் குழிகளை ஏற்கெனவே நிரப்பிக்கொண்டதாகவும் சொன்னார். பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. என் தோழியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

டீ குடித்துக்கொண்டே பாய்தான் யோசனை சொன்னார். தமிழில் ஒவ்வோர் எழுத்தும் தன் கால், கொம்பு, சுழியோடு தனித்தனியாக இடம் பிடித்திருக்கிறது. பாடத்துக்கு வேண்டாத எழுத்துகளைக் குடும்பத்தோடு கழற்றிவிட்டால் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். எது வேண்டாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். க, ச, த, ப எதிலும் கைவைக்க முடியாது. கடைசியில் ஜ, ஷ, ஸ, ஹ என்று வந்து நின்றது. மலைப்பேச்சுக்கு அவை அவ்வளவாக வேண்டியதில்லை.

"நிச்சயமா வேணாமா?" என்று பாய் கேட்டார்.

"வேணாம் பாய்."

அவரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழித்தார். பாடம் ஏறியது. கை தட்டினோம்.

தொல்லை அப்புறம்தான் தெரிந்தது. சந்தைக்குப் போகிற ஜீப்பை எழுத ஜ இல்லை. "சீப்" என்று போடலாமா என்றாள். பிள்ளைகள் சீப்பு என்று படித்துத் தலை சீவப் போய்விடுவார்கள் என்றேன். பஸ்ஸில் ஏற்றலாம் என்றால் ஸ இல்லை. எங்கள் மலைக்கு வருவதே ஜீப்பும், எப்போதாவது ஒரு பஸ்ஸும்தான். இரண்டும் ஒரே நாளில் நின்றுபோயின. அந்தப் புத்தகத்தில் எல்லாரும் நடந்தே சந்தைக்குப் போனார்கள். வழியில் நாவற்பழம் பொறுக்கினார்கள். உள்ளதைச் சொன்னால், பாடம் முன்னைவிட நன்றாகவே வந்தது. ஆனாலும் ஒரு பெட்டியில் இரண்டு வரிசைக் குழி இல்லாததால் ஒரு மலையே நடக்க வேண்டியிருந்ததே என்று எனக்கு ஆறவில்லை.

கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல வேண்டும். அதிகாரி பெயரைத் தட்டினாள், வந்தது. தலைமையாசிரியர் பெயர் வந்தது. பாயின் பெயரைத் தட்டினாள். திரையில் ஒரு "ன்" மட்டும் வந்து நின்றது. மறுபடி தட்டினாள், மறுபடியும் அந்த "ன்" மட்டும். அவர் பெயரில் இருந்தது நான்கு எழுத்து. மற்ற மூன்றையும் நாங்கள்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியும் டீச்சர். நிச்சயமா வேணாமான்னு கேட்டாரு இல்ல? தெரிஞ்சேதான் அழிச்சாரு. நான் அவரப் போய் கொறையளவுன்னு சொன்னேனே."

ஆங்கிலத்தில் போடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள். பெட்டியோடு வந்திருந்த பிரிண்டர் கொக்கரித்துக்கொண்டே எல்லாப் பக்கங்களையும் தள்ளியது.

பள்ளி திறந்த அன்று அவள் அண்ணன் தன் மகளைக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் அவள் கையால் வரைந்த பலாமரம். எழுத்து தெரியாதவர், படத்தின் மேல் விரலை வைத்து, "இது பலா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மகளின் கையை விட்டுவிட்டு, "சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிப் போனார்.

பாயும் அன்றைக்கு பிரிண்டருக்கு ரிப்பன் கொண்டுவந்திருந்தார். ஒரு பிரதியை எடுத்து நிதானமாகக் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். அங்கே அவர் விரல் நின்றது.

"இங்க இன்னா டீச்சர், காலியா கீது?"

"பின்னால ரொப்பிக்கலாம்னு வுட்டது பாய்" என்றாள் அவள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். அந்தப் பிரதியை அவர் கையிலிருந்து வாங்கி, நான்கு எழுத்தையும் எழுதினாள். பிறகு அடுத்த பிரதியை எடுத்தாள்.