பங்களாவுக்குப் போன பாட்டரி

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் நர்ஸாக வேலை பார்த்தேன். தொழிலாளர்களின் லைன் வீடுகள் மலையில் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அதனால் ஜீப்புக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் ஒரு தகர டிரெய்லரையே எனக்கு ஆஸ்பத்திரியாகக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், மருந்து அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி, கூரையில் ஒரே ஒரு விளக்கு. அந்த விளக்குக்கான பாட்டரி கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் இருந்தது.

முதல் வருடம் அந்த விளக்கு ஒழுங்காக எரிந்ததே இல்லை. ஜீப் ஓடும்போது அதிலிருந்து வரும் கரண்டில்தான் பாட்டரி சார்ஜ் ஆக வேண்டும். டிரெய்லரைக் கட்டியவர்களோ காலிங் பெல்லுக்குப் போடுகிற மெல்லிய ஒயரை இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாரமங்கலம் வரை போய்த் திரும்பினாலும் சார்ஜ் பாதிகூட ஏறாது. ஆபீசில் கேட்டேன்.

"பகல்லதானேங்க சிஸ்டர் வைத்தியம் பாக்கறீங்க? லைட்டு எதுக்குங்க?" என்றார் கணக்கு எழுதும் ரைட்டர்.

மழை மாதங்களில் மத்தியானமே அந்தத் தகரப் பெட்டிக்குள் கண் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் வீட்டுப் பெண்கள் அதில் படுக்கப்போவதில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் ஜீப் டிரைவர் சேலத்துக்குப் போய், பழைய லாரியிலிருந்து கழற்றிய கனத்த ஒயர் வாங்கி வந்தார். என் வயதுதான் அவருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் உட்கார்ந்து பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை இழுத்தோம். நடுவில் ஒரு ஃபியூஸும் வைத்தார். பச்சை பூத்திருந்த டெர்மினல்களை நான் வெந்நீர் ஊற்றித் தேய்த்து வாசலின் தடவினேன். அதன் பிறகு விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. எந்த மழையிலும் ஊசியில் நூல் கோக்க முடிந்தது.

பாட்டரி நன்றாக இருக்கிறது என்ற செய்தி மேனேஜரின் பங்களாவுக்கு எட்டியதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வருடம் ஐப்பசியில் காற்றும் மழையுமாக அடித்து, கம்பியில் மரம் விழுந்து, மலை முழுக்கக் கரண்டு இல்லை. டிரைவர் காலையில் என்னையும் டிரெய்லரையும் கிளியூர்ப் பக்கத்து லைனில் விட்டுவிட்டு, மேனேஜரின் விருந்தாளிகளைக் கூட்டிவர அடிவாரத்துக்கு ஜீப்பில் போய்விட்டார். மத்தியானம் ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். காபிப்பழம் பறிக்கிறவள். வீட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குக் கிழிந்து இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுக்கவைத்து ஸ்விட்சைப் போட்டேன். எரியவில்லை. குனிந்து பெட்டியைத் திறந்தேன். பாட்டரி இல்லை. நாங்கள் இழுத்த ஒயர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

லைனில் எந்த வீட்டுக்கும் கரண்டு கிடையாது. அவளுடைய அக்கா ஓடிப்போய் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து பிடித்தாள். அவள் எட்டி எட்டிப் பார்க்க வெளிச்சமும் ஆடியது. சிம்னியில் கரி ஏறிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கிட்ட கொண்டா கண்ணு" என்றேன்.

தெரியவில்லை. பாதி கண்ணாலும் பாதி விரலாலும் தையல் போட்டேன். இரத்தம் நின்ற மாதிரி இருந்தது.

விருந்தாளிகளைப் பங்களாவில் இறக்கிவிட்டு ஜீப் திரும்பி வந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார்.

"பங்களாவுல டிவிக்குன்னு காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே டிரெய்லர் நிக்கற ஷெட்டுல வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க சிஸ்டர். சாயங்காலம் வெச்சிர்றோம், உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

"உங்களுக்கு வாய் இல்லீங்களா?" என்றேன். நானும் அவரும் சேர்ந்து மாட்டிய ஒயர் அது. மற்றவர்களை விட அவர்மீதுதான் அப்போது அதிகம் எரிந்தது.

தாயை அக்காவிடம் விட்டுவிட்டு, இரத்தக்கறையோடு அப்படியே ஜீப்பில் ஏறிப் பங்களாவுக்குப் போனேன். வராந்தாவில் மேனேஜரும் விருந்தாளிகளும் சின்ன டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் என் பாட்டரி. ஆசிட் பட்டு மொசைக் கெட்டுவிடக் கூடாதென்று அடியில் பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். தரையின்மேல் அத்தனை அக்கறை!

நேரே போய் இரண்டு கிளிப்பையும் பிடுங்கினேன். படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது.

"என்ன சிஸ்டர் இது? கடைசி ஓவர்!" என்று மேனேஜர் எழுந்தார்.

"அங்க ஒரு பொம்பளைய இருட்டுல தச்சுட்டு வர்றேன் சார்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை அது.

"கேட்டிருந்தா அனுப்பியிருப்போமே" என்றார்.

என் பொருளை நான் அவரிடம் கேட்க வேண்டுமாம். பாட்டரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தளும்பிய ஆசிடில் புடவை பொத்துப்போனது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்குத் தையலுக்கு உள்ளே இரத்தம் கட்டி வீங்கியிருந்தது. வலியில் கத்தினாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என் கையை நெரித்துக்கொண்டே சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே பிரித்து மறுபடி தைத்தார்கள். பிழைத்தாள். ஆனால் வெகுநாள் கூடை சுமக்க முடியவில்லை. பங்களாவிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். இந்த மலைக்கு வேறு நர்ஸ் வரமாட்டாள் என்பதால் விட்டுவிட்டார்கள். டிரைவர், நான் சொல்லாமலேயே, பாட்டரிப் பெட்டிக்கு இரும்புப் பட்டை வைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பேச இன்னும் கொஞ்ச நாளாயிற்று.

இதெல்லாம்கூட ஆறியிருக்கும். ஆனால் மேனேஜர் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிட்டார். யார் வந்தாலும், "எங்க சிஸ்டர் ஒரு மேட்சையே நிறுத்தினவங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் வேலையை விட்டுப் போகும்போது நடந்த விருந்திலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"மீதியையும் சொல்லுங்க சார்" என்றேன். அவர் விழித்தார். மீதி அவருக்குத் தெரியவே தெரியாது. கேட்டிருந்தால்தானே? அதனால் நானே சொன்னேன்: அரிக்கேனை, கரியை, தையலை, அந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்ததை. யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி மட்டும், "சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்கு சிஸ்டர்?" என்றார்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.