பச்சைக் கட்டத்துக்குள் பிழைகள்

சென்ற திங்கட்கிழமை எங்கள் தெருக்கோடிச் சிவன் கோயிலில் பதிகம் ஓதிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் பாட்டிலிருந்து நேரே ஏழாம் பாட்டுக்குத் தாவிவிட்டேன். ஐம்பது ஆண்டுகளாக நாவில் ஊறிய பதிகம். பின்னால் ஓதியவர்கள் ஒரு கணம் தடுமாறி, பிறகு அவர்களும் என்னோடு தாவினார்கள். முடிந்தபின் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சுண்டல் பொட்டலத்தை நீட்டிய இளைஞர், "ஐயாவுக்கு இன்னைக்குக் குரல் கணீர்னு இருந்துச்சு" என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அத்தகைய கனிவை நான் முன்பே அறிவேன், நண்பரே. ஒருகாலத்தில் நானே அதை ஒருவருக்கு வழங்கியவன்.

பொட்டலத்தோடு நடக்கையில் காற்றில் தோல் பதனிடும் வாடை வந்தது. இப்போதெல்லாம் ஊருக்குள் அது எப்போதாவதுதான் எட்டுகிறது. நான் இதே திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. கணிதம் படித்த நாட்களிலோ, மேல்காற்று தொடங்கிவிட்டால் அந்த வாடை வகுப்பறைக்குள் வந்து எங்களோடு பெஞ்சில் அமர்ந்துவிடும். சன்னலில் மலைக்கோட்டைப் பாறை. உள்ளே சுண்ணக்கட்டித் தூள். கரும்பலகையின் முன்னால் சவரிமுத்து சார். திருமணம் செய்துகொள்ளாதவர், தேவாலயத்துக்கு அருகே தம் அக்காளோடு குடியிருந்தார்.

அவர் வகுப்பில் தவறை அழிக்கக் கூடாது. தவறிய வரியைச் சுற்றிப் பச்சைச் சுண்ணக்கட்டியால் கட்டம் போட வேண்டும். தவறியவர் எழுந்து, தாம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். ஆத்தூர்ப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய செருக்கோடு வந்திருந்த நான், முதல் வாரத்திலேயே பலகையில் ஒரு சமன்பாட்டின் இருபுறத்தையும் எக்ஸால் வகுத்துவிட்டு, போரில் வென்றவனைப் போலத் திரும்பி நின்றேன்.

"ஏலே அப்பு, அந்த எக்ஸ் பூஜ்யமா இருந்தா?"

பூஜ்யம் என்ற ஒரு விடை என் கையாலேயே ஓசையின்றிச் செத்துப்போயிருந்தது. காது சிவக்க நின்றேன். சார் சிரித்தார். "நல்ல தப்புலே இது. இங்கிட்டுத்தான் எல்லாரும் வழுக்குவாக. நீ மொதல்ல விழுந்து மத்தவுகளக் காப்பாத்திட்ட."

முன் பெஞ்சில் இருந்த நெய்க்காரப்பட்டி பழனியப்பன், "ஏனுங்க, நாளைக்கும் கொஞ்சம் விழுந்து காப்பாத்துங்க" என்று முணுமுணுத்தான். அன்று தொடங்கிய நட்பு எங்களுடையது.

பிழை பொறுத்தருளுமாறு இறைஞ்சாத அடியவர் இல்லை. ஆனால் பிழையைச் சொன்ன அக்கணமே பொறுத்து, சொன்னதற்கு நன்றியும் கூறும் ஒருவரை நான் கண்ணால் கண்டது அந்த அறையில்தான். "நான் பண்ணினாலும் இதே கட்டந்தான்" என்பார்.

மூன்றாம் ஆண்டு ஆடிக் காற்றில் அவர் ஒரு கழித்தல் குறியைத் தவறவிட்டார். "ஏனுங்க சார், மைனஸ் எங்கீங்க போச்சு?" என்றான் பழனியப்பன். "காத்துல போயிருக்கும்லே" என்று சிரித்தபடி கட்டம் போட்டார். அடுத்த வாரம் இரண்டு தவறுகள். பிறகு, நேற்றுச் செய்த கணக்கையே புதிதாகத் தொடங்கினார். சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறியிருந்தது. வலக்கையிலிருந்து சுண்ணக்கட்டி நழுவி விழ, இடக்கையால் எடுத்துக்கொண்டார். ஒருநாள் ஏழெட்டு ஐம்பத்தாறை ஐம்பத்து நான்கு என எழுதி, அதன்மேல் நான்கு வரிகளை அடுக்கிச் சென்றார். வாயைத் திறந்த பழனியப்பனின் தொடையைக் கிள்ளினேன். "பாவம்யா, விடு."

அதன்பின் நாங்கள் அதில் தேர்ந்துவிட்டோம். அவர் பலகையில் எழுதுவதை நான் திருத்தியே நோட்டில் எழுதுவேன். மாலையில் வகுப்பே அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அவர் மனம் நோகக்கூடாதே என்ற பரிவு அது. அன்பு என்றே நம்பினோம். அந்த நாட்களில் கரும்பலகையில் பச்சை நிறமே இல்லை.

புரட்டாசியில் ஒரு காலை, முந்தின நாள் எங்கே நிறுத்தினோம் என்று பார்க்க என் நோட்டை வாங்கினார். நோட்டைப் பார்த்தார், பலகையில் அழியாமல் எஞ்சியிருந்த முந்தின நாள் வரிகளைப் பார்த்தார். பிறகு பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டே போனார்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும் சார்" என்றேன்.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "செத்த நேரம் இருங்க, வாரேன்" என்று வெளியே போனார். வரவில்லை. மறுநாள் மதுரைக்கு அழைத்துச் சென்றார்கள். தலைக்குள் கட்டி.

ஐப்பசியில் அவரை வீட்டில் போய்ப் பார்த்தோம். தலையில் கட்டுடன் பிரம்பு நாற்காலியில் இருந்தார். எல்லாம் விளங்கியது அவருக்கு. பேச்சு மட்டும் இல்லை. அக்காள் காப்பி கொடுத்தார்.

"ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா பேச்சாவது தங்கியிருக்கும்னு டாக்டரு சொல்றாருப்பா. நான் அடுப்படியில கெடக்குறவ, எனக்கு என்ன தெரியும்? தம்பி தெனமும் ஒங்க முன்னாடிதான நின்னான். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

பழனியப்பன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றேன் நான்.

சார் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் சினம் இல்லை. நான் எழுந்து சொல்வேன் என்று காத்திருந்தார். நெடுநேரம் காத்திருந்தார். நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

அடுத்த கோடையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அக்காள் உறவினரோடு வெளியூர் போய், அங்கேயே காலமானார். பழனியப்பன் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. நாள்தோறும் அந்தப் பொய்யை இறைவனிடம் சொல்கிறேன்; அவன் பொறுப்பான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று என்னைக் கேட்டவனும், என் சொல்லுக்காகக் காத்திருந்தவனும் அவன் அல்லன்.