விளக்கைச் சுற்றி நான் கண்ட வளையம்

இராயபுரத்து ஜெபவீட்டில் என்னோடு முழங்கால் போட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தேவசகாயம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் என் வீட்டில் பார்வையைக் காத்த கதையைச் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். நம் ஜெபவீட்டில் நான் எழுந்து நின்று சொன்ன முதல் சாட்சி தவறான சாட்சி. அறியாமல்தான் சொன்னேன். இருந்தாலும் தவறு தவறுதான்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, சுற்றிலும் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து, மூட்டைக்கட்டைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டவேண்டும். விஞ்சு ஓட்டியவர் வண்ணாரப்பேட்டை காதர் பாய். பத்து வருஷம் என் கையை நம்பியே ஓட்டினார். கடல் காற்று, சணல் மூட்டை வாசனை, சங்கு ஊதினதும் டீக்கடைக்கு ஓடுகிற கூட்டம், அதில் யார் முந்துவது என்று எங்கள் இருவருக்கும் நடக்கும் போட்டி. இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

வெள்ளிக்கிழமை தோறும் நமக்கு உபவாசம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வேலை முடிந்து நேரே ஜெபவீடு. ஜெபம் முடிந்ததும் வாசலில் குடத்தில் தண்ணீர் இருக்கும். பெரிய பித்தளைச் செம்பை அண்ணாந்து, மூச்சு விடாமல் காலி செய்வது எங்கள் துறைமுக ஆட்களின் பெருமை. நான் இரண்டு செம்பு குடிப்பேன். என் மனைவி ஞானம்மாளும் லேசுப்பட்டவள் அல்ல. சொந்த அத்தை மகள். செம்பைக் காலி செய்வது உட்பட எதிலும் எனக்குச் சளைக்கமாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படிக் குடித்துவிட்டுச் சற்று நேரம் பேசிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால், கூரையில் தொங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். கண்ணைக் கசக்கினேன். போகவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. உபவாசம் இருந்த நாளில் மட்டும் தெரிகிறதென்றால் இது தேவமகிமை இல்லாமல் வேறென்ன? எழுந்து சாட்சி சொன்னேன். அல்லேலூயா என்று முழங்கினார்கள். சிலர் அழுதார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புருவத்துக்கு மேல் விண்விண்ணென்று வலித்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன். மகிமையோடு தலைவலியை எப்படிச் சேர்ப்பது?

அடுத்து வந்த ஆடி மாதம் ஒருநாள், மேல்தட்டில் எனக்கு இடப்பக்கம் ஒருவர் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை. இறக்கு என்று கை காட்டினேன். மூட்டைக்கட்டு அந்தரத்திலேயே நின்றது. காதர் பாய் விஞ்சை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"இன்னா தேவா! ஆளு கீறான், நீ பாட்டுக்கு கை காட்டிகினு கீறே?"

இறங்கி வந்தவர் என் இடப்பக்கம் நின்றார். "நேரா பாரு. இது எத்தினி விரலு?"

"எந்த விரல், பாய்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை ஜெபவீட்டின் ஒரு மூலையில் போய் விழுந்தேன். "ஆண்டவரே, அந்த வளையம் உம்முடையதானால் இருக்கட்டும். இல்லையென்றால் வழி காட்டும். என் கையால் ஒரு உயிர் போகவேண்டாம்." குருடனாகிவிடுவேனோ என்று பயந்து அழுதேன்.

மறுநாள் காலை வாசலில் காதர் பாய் நின்றார். "கெளம்பு. கண்ணாஸ்பத்திரிக்கு போலாம். நா லீவு சொல்லிகினு வந்துட்டேன்." என் ஜெபத்துக்கு வந்த பதில் கைலி கட்டிக்கொண்டு வந்தது. மணியடித்துக்கொண்டு போன டிராமில் அவர் என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். கறுப்புத் துணியில் வெள்ளைப் புள்ளியை நகர்த்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். மரத்துப்போக மருந்து விட்டு, கண்மணியின் மேலேயே ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தம் அளந்தார். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தமும் பார்த்தார். பிறகு ஒரு பெரிய கூஜாத் தண்ணீரை நீட்டி, சீக்கிரம் குடிக்கச் சொன்னார். இதில்தான் நான் சூரன் ஆயிற்றே! ஒரே மூச்சில் காலி செய்தேன். அரைமணி கழித்து மறுபடி அளந்தபோது அழுத்தம் எகிறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உபவாசமும் இல்லை, ஜெபமும் இல்லை. ஆஸ்பத்திரி பல்பைச் சுற்றி அதே மகிமை.

என் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே விளக்கினார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறினா, பின்னால இருக்கிற நரம்புக்கு ரத்தம் போறது கஷ்டம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமா வாடிடும். ஆனா ஒரே அழுத்தம் இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் பார்வை சீக்கிரம் போகுது, இன்னொருத்தருக்குப் போகலை. ரத்த ஓட்டம்தான் காரணமோன்னு நான் ஆராய்ச்சி பண்றேன். நாள் பூரா பட்டினி கிடந்தா சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். அந்த நேரம் பார்த்து இவ்வளவு தண்ணி குடிச்சா கண்ணழுத்தம் ஏறும். நடுவுல மாட்டிக்கிட்ட நரம்பு என்ன பண்ணும்? இது என் யோசனைதான். இன்னும் நிரூபிக்கலை."

"உபவாசத்தை விட்டுடணுமாம்மா?"

"ஜெபத்தை விடச் சொல்ல நான் யார்? தண்ணியை மட்டும் விடாதீங்க. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடியுங்க."

போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். இடது கண்ணில் சின்னத் துவாரம் போடும் ஆபரேஷன், வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து. சொந்தத்தில் யாருக்காவது கண் போயிருக்கிறதா என்றும் கேட்டார். என் அத்தைக்குக் கடைசிக் காலத்தில் போனது, வயசாயிற்று என்று விட்டுவிட்டோம் என்றேன். எழுதிக்கொண்டார். அதன் அர்த்தம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண்கட்டு அவிழ்த்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஜெபவீட்டுக்குப் போனேன். கண் பிழைத்தது, ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. "நான் பார்த்தது மகிமை இல்லை, நோய். என்னை மன்னியுங்கள்" என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "விசுவாசம் கொறஞ்சி பூட்ச்சி" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. உள்ளுக்குள் நொறுங்கிப்போனேன்.

வீட்டுக்கு நடக்கும்போது ஞானம்மாள் என்னோடு வந்தாள். தெருவிளக்கு ஏற்றும் நேரம். ஒரு கம்பத்தடியில் நின்றுவிட்டாள்.

"எனுக்கும் அந்த வளையம் தெரியுதுங்க. இதோ இந்த வெளக்க சுத்தி கூட கீது."

"எத்தனை நாளாய்?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து. மகிமைன்னு நீங்கதான சொன்னீங்க? நமக்கும் குடுத்தாரேன்னு வாய மூடிகினு இருந்தேன்."

அத்தையின் கண், அத்தையின் மகள். நான் உருட்டிவிட்ட வார்த்தையை நம்பி, என் பக்கத்திலேயே ஒருத்தி குருடாகிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தெரு என்றும் பாராமல் ஜெபித்தேன்.

காலையில் முதல் டிராமில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா கறுப்புத் துணியில் பலமுறை புள்ளியை நகர்த்திப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. சொட்டு மருந்து விட்டா போதும். இவங்களுக்கு இன்னும் ஒண்ணும் போகலை" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்க எத்தனை தரம் வேண்டுமானாலும் ஜெபவீட்டில் எழுந்து நின்று அவமானப்படுவேன்.

என் இடப்பக்கம் இன்றும் இருட்டுத்தான். சைகை வேலையை விட்டுக் கயிறு கிடங்குக்குப் போனேன். காதர் பாய் வேறு கையைப் பார்த்து ஓட்டப் பழகிக்கொண்டார். உபவாசத்தை நான் விடவில்லை. தண்ணீரை மடக்கு மடக்காய்க் குடிக்கிறேன்.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கண்ணில் புதிதாய் ஏதாவது தெரிந்தால், அதற்கு நீங்களே பெயர் வைக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். வைத்தியரிடம் போங்கள். ஆண்டவர் எந்த வழியாகவும் பதில் தருவார்.

ஞானம்மாள் போன வருஷம் ஆண்டவரிடம் போய்விட்டாள். அன்று காலைகூடச் சங்கீதத்தைத் தன் கண்ணாலேயே பார்த்து எனக்கு வாசித்தாள். இடையில் நிறுத்தி, "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை, வாசி என்றேன்.