சாவுச் செய்தி சொன்ன அக்கா

என் அக்கா பகலில் துணி தைப்பாள், சாயங்காலம் நாங்களே நடத்திய சின்ன ரேடியோவில் பேசுவாள். டயர் கடை மாடியில் ஒரே அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். ஒலிபரப்பு மெஷினை நான் பார்த்துக்கொள்வேன். ஊரில் யார் செத்தாலும் காசு வாங்காமல் சொல்வாள். அதற்கு முன் அந்த வீட்டுக்கே போன் போட்டு, "உண்மைதானாங்க?" என்று கேட்டுத் திட்டும் வாங்குவாள்.

சாயப்பட்டறைக் கழிவு குடிதண்ணீரில் கலப்பதையும் அப்படி விசாரித்துவிட்டுத்தான் சொன்னாள். மறுநாளே பட்டறை முதலாளி விளம்பரம் தருவதாக ஆள் அனுப்பினார்.

"கை நீட்டி வாங்கிட்டா அப்புறம் வாயைத் திறக்க முடியாதுடா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

கேட்கிறவர்களிடமே சந்தா கேட்டோம். பாராட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "காத்துல வர்றதுக்குக் காசா?" என்று சிரித்தார் மருந்துக்கடைக்காரர். அவர் அம்மா செத்ததை ஊருக்குச் சொன்னதே அக்காதான்.

வாடகை கட்ட வழியில்லாமல் பூட்டினோம். இப்போது அதே மாடியில் பட்டறை முதலாளியின் ரேடியோ. நாள் முழுக்கப் பாட்டு. தண்ணீரைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

போன மாதம் அக்கா போய்ச் சேர்ந்தாள். அந்த ரேடியோக்காரர்களிடம் போய் அதைச் சொல்லச் சொன்னேன். சாவுச் செய்தி போட்டால் கேட்கிறவர்களுக்கு மூடு கெட்டுவிடுமாம். தூக்க நாலு பேர் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

எல்லாம் முடிந்தபின் மருந்துக்கடைக்காரர் என்னை வழிமறித்து உருகினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரே திரண்டு வந்திருக்குமே தம்பி!"

"சொல்றதுக்கு ஒரு வாய் இருந்துச்சுங்க. அதுக்குத்தான் நீங்க காசு தரலையே."